பெயரும் சான்றும்

ஒரு மின்னஞ்சல் சர்வர் மற்றொன்றை நாடும்போது முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய விதிமுறையிலேயே இதற்கென 'ஹெலோ' என்னும் கட்டளை உண்டு.

பெயரிடப்படாத இயந்திரம் 'லோக்கல்ஹோஸ்ட்' என்கிறது. எந்த இயந்திரமும் தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் பெயர் அது. "யாரது?" என்றால் "நான்தான்" என்பதைப் போன்றது!

ஆய்வகத்தில் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளைப் பழகியபோது, 'மைஹோஸ்ட்நேம்' என்ற வரியில் முழுப்பெயரை எழுதினேன். அவ்வளவுதான் என்றான் நண்பன். அது மட்டும் போதாது. கேட்கும் சர்வர் நம் எண் முகவரியைக் கொண்டு பெயரைத் திருப்பித் தேடுகிறது. அந்தப் பதிவு, எண்ணை வழங்கிய நிறுவனத்தின் கையில் உள்ளது. பெயர் எண்ணையும், எண் பெயரையும் காட்ட வேண்டும். பொருந்தாவிடில் பல சர்வர்கள் அஞ்சலை ஏற்பதில்லை. பொய்ப்பெயரில் அனுப்புவோர் மலிந்துவிட்டதே காரணம்.

இது எனக்குப் புதிதன்று. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பது நான்தான் என்று நானே எழுதிக் கொடுத்தால் செல்லாது. வருவாய்த் துறையின் சான்றிதழ் வேண்டும். அதற்காக அப்பா வேலைக்குப் போகாமல் என்னோடு அலைந்தார்.

சான்று கேட்பது தவறன்று. ஆனால், இயந்திரத்திற்கு ஒரு வரிப் பதிவு போதும். அப்பாவுக்கோ ஒரு நாள் கூலி போயிற்று.