செக்கண்டரி நாலு, குசினி மேசை

ஹோம்ஸ்கூலிங் என்று சொன்னால் எங்கட சனம் முதலில் கேட்பது, "அப்ப காலமை எத்தினை மணிக்கு எழும்புவாய்?" அடுத்தது, குரலைக் கொஞ்சம் குறைத்து, "ஏன் பிள்ளை, பள்ளிக்கூடத்தில ஏதும் பிரச்சினையோ?" முதல் கேள்விக்குப் பதில் ஏழரை. இரண்டாவதுக்குப் பதில் ஓம்.

எனக்கு மைக்ரேன். டியூப் லைட்டும் சாப்பாட்டு மண்டபத்துச் சத்தமும் சேர்ந்தால் பதினொரு மணிக்கே ஒரு கண் மங்கத் தொடங்கிவிடும். 2023 செப்டெம்பரில் மட்டும் ஒன்பது நாள் வகுப்புக்குப் போகவில்லை. டொக்டரின் கடிதம் கொடுத்தோம். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பத் திரும்ப வந்தது நான் வராத நாள்களின் கணக்குத்தான். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே கூட வேலை செய்யும் ஒரு கியூபெக்குவா அன்ரி தன் பிள்ளைகளை வீட்டில் படிப்பிக்கிறார். கதை அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

உங்களில் யாராவது இதை யோசித்துக்கொண்டிருந்தால், மொன்றியலில் இது "நாளையிலிருந்து வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வரும் விஷயம் இல்லை. கியூபெக் கல்வி அமைச்சில் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. வருஷ நடுவில் விலகினால் 10 நாளுக்குள் அமைச்சுக்கும் உங்கள் பகுதி பள்ளிச் சேவை மையத்துக்கும் எழுத்தில் அறிவிக்கவேண்டும். 30 நாளுக்குள் 'புரோஜே தப்ராந்திசாஜ்', அதாவது எந்தப் பாடத்தை எப்படி, எதை வைத்துப் படிக்கப்போகிறீர்கள் என்ற திட்டம். பிறகு இடையில் ஓர் அறிக்கை, அமைச்சின் ஆளுடன் ஒரு சந்திப்பு, ஜூன் 15க்குள் கடைசி அறிக்கை. பெற்றோருக்கு ஆசிரியர் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. அந்த வரியை அம்மாவுக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினேன்.

அப்பாதான் சம்மதிக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது அப்பாவுக்குப் பதினாறு வயது. ஓஎல் எழுதவேண்டிய வருஷம். கொடிகாமத்தில் பள்ளிக்கூடக் கட்டடங்களில் அகதிச் சனம் இருந்ததால் மாமரத்துக்குக் கீழே படித்தவர். "நாங்கள் ஷெல்லடிக்கையும் பள்ளிக்கூடத்தை விடேல்லை. உனக்கு லைட் கூடிப்போச்சாம்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கிழமையே, வேலைக்குப் போக முன்னம், இருட்டறையில் வாளியோடு நான் இருந்ததைப் பார்த்தார். அடுத்தநாள் காலமை, "எங்க கையெழுத்து வைக்கிறது?" என்று கேட்டார்.

திட்டத்தை பிரெஞ்சில் நானே எழுதினேன். பிரெஞ்சு, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு. மூன்று கணிதப் பிரிவுகளில் எஸ்.என்.ஐ விடாமல் பிடித்துக்கொண்டேன், சிஜெப்பில் சயன்ஸ் படிக்கிற ஆசை. வீட்டில் குசினி மேசை, பின்னேரங்களில் பார்க் எக்ஸ்டென்ஷன் நூலகம். வியாழனில் நீலப் பாதை, ஜோன்-தலோனில் செம்மஞ்சள் பாதைக்கு மாறி பெரி-யூகாம், கிராண்ட் பிப்லியோத்தெக். அங்கே மூலை மேசைகளில் வெளிச்சம் மெல்லியது, ஆரும் கத்துவதும் இல்லை. விளங்காததை அலோபுரோஃப் ஆசிரியர்களிடம் கேட்டேன். அது இலவசம், பள்ளிக்கூடம் போகிற நீங்களும் பாவிக்கலாம்.

தலையிடி நின்றுவிடவில்லை. ஆனால் வந்தால் படுத்துவிட்டு நாலு மணிக்குத் தொடங்கலாம். கஷ்டமான பகுதி வேறு: கதைக்க ஆளில்லை. சிநேகிதிகளின் குரூப் சாட்டில் எனக்கு விளங்காத பகிடிகள் கூடிக்கொண்டே போயின. பிறகு நவம்பர் 23, எஃப்.ஏ.ஈ ஆசிரியர் சங்கத்தின் சுமார் 66,000 பேர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கிறிஸ்மஸ் லீவு முடியும்வரை வகுப்பு இல்லை. "இப்ப எல்லாரும் நீதான்" என்று ஒருத்தி எழுதினாள். இரண்டு பேர் எங்கள் குசினி மேசைக்கே வந்தார்கள். அம்மா ரோல்ஸ் பொரித்துத் தந்தார். என் அந்த வருஷத்தின் நல்ல மாதம் அதுதான். ஜனவரியில் அவர்கள் திரும்பிப் போனதும் வீடு முன்பைவிட மோசமாக அமைதியாகிவிட்டது.

அந்த ஜனவரியில்தான் அப்பா மேசைக்கு வந்தார். ஒரு இருபடிச் சமன்பாட்டோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பெடியனாக இருக்கையில் படித்தது, தமிழில்தான் தெரியும். அவர் தமிழில் சொல்ல, நான் பிரெஞ்சில் எழுத, விடை வந்துவிட்டது. பிறகு செவ்வாயும் ஞாயிறும் எங்கள் கணக்கு நாள். மரத்தடியில் கரும்பலகை இருந்ததா என்று கேட்டேன். கதவொன்றைக் கழற்றிச் சாய்த்து வைத்து அதில் எழுதினார்களாம். இவ்வளவு காலமும் அதை அவர் வீட்டில் சொன்னதில்லை.

ஜூனில், எனக்குத் தெரியாத ஒரு பள்ளிக்கூடத்தில் அமைச்சுப் பரீட்சைகள் எழுதினேன். சித்திக்கு 60 வேண்டும். கணிதம் 74. வரலாறு 63, கியூபெக்கின் அமைதிப் புரட்சியில் பயங்கரமாக உளறியிருக்கிறேன் போல.

செக்கண்டரி அஞ்சையும் வீட்டிலேயே படிக்கிறது என்று முடிவெடுத்தோம். புதிய திட்டத்தில் கணிதத்துக்கு ஆர் உதவி என்ற இடத்தில் அப்பாவின் பெயரைப் போட்டேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, எழுத்துப் பிழையைத் திருத்தச் சொன்னார்.