விவசாயி - 5

ஸ்கௌட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. கடையில் கிடைக்காது. அகிரா டோரியாமா என்ற ஜப்பானியர் 1984 முதல் 1995 வரை ஒரு வாரப் பத்திரிகையில் வரைந்த 'டிராகன் பால்' படக்கதையில் வருவது. காதில் மாட்டிக்கொண்டால் ஒரு கண்ணுக்கு முன்னால் கலர் கண்ணாடி வந்து நிற்கும். எதிரில் இருப்பவரைப் பார்த்தால் போதும், அவர் பலம் இத்தனை என்று நம்பர் ஓடும். விரல் சொடுக்கும் நேரத்தில் ஒரு ஆளை எடை போட்டுவிடலாம்.

வேற்றுக் கிரகத்திலிருந்து பூமியில் வந்து இறங்கும் ஒரு முரடன், இந்தக் கருவியால் முதலில் அளப்பது யாரை என்கிறீர்கள்? ஒரு விவசாயியை. கையில் துப்பாக்கியோடு நிற்கும் அந்த மனிதருக்கு ஸ்கௌட்டர் கொடுக்கும் மார்க் 5. விவசாயிக்கு மார்க் போடும் விஷயத்தில் எந்தக் கிரகமும் தாராளமாக இல்லை போலிருக்கிறது.

இதையெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தவன் ஏற்காடு அடிவாரத்தில் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் பையன். வயது பதினெட்டு. முதல் நாள் வண்டியை விட்டபோது முதலாளி அறிமுகப்படுத்திய விதம் இது: "நம்ம பையன்தாங்க சார். டென்த்துல இருநூத்தி முப்பத்தொண்ணு. அதான் இங்க வந்துட்டான்." பெயர் தெரிய எனக்கு இன்னும் இரண்டு சர்வீஸ் ஆயிற்று.

நம்பர் போடும் மிஷின் நமக்குப் புதிதல்ல. ரயில்வே ஸ்டேஷன்களில் கலர் பல்பு மினுக்க, உள்ளே சக்கரம் சுற்ற நின்றிருந்ததே எடை மிஷின், நினைவிருக்கிறதா? காசு போட்டால் 'டக்'கென்று அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். சேலம் ஜங்ஷனில் எனக்கு விழுந்த அட்டைகளில் நான் பலமுறை தலைவனாகப் பிறந்தவன். எடையை நம்பாமல் ஜோசியத்தை நம்பிய ஜனங்கள் நாம். இரண்டும் ஒரே அட்டையில் இருந்ததால் எதையும் ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதும் உண்மை.

பலத்தை அளக்க நம்மிடம் அதைவிடப் பழைய சாதனம் ஒன்று உண்டு. இளவட்டக்கல். தென்மாவட்டத்துக் கிராமங்களில் இன்றும் பார்க்கலாம். உருண்டையாக, வழவழவென்று, பிடி எதுவும் இல்லாத கல். குத்த வைத்து, இரண்டு கையாலும் அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, மெல்ல நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோளில் வாங்கிப் பின்பக்கம் போட வேண்டும். தூக்கியவனுக்குத்தான் பெண் என்று ஒரு காலத்தில் இருந்ததால் கல்யாணக்கல் என்றும் பெயர். திருநெல்வேலிப் பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்குப் பொங்கல் இந்தப் போட்டி நடக்கிறது. பெரிய கல் 129 கிலோ. பெண்களும் இறங்கித் தூக்குகிறார்கள். மாப்பிள்ளை பார்க்க அல்ல, பரிசு வாங்க.

எனக்கு இந்தக் கல்லில் பிடித்த விஷயம், அது ஆளைப் பார்த்து நம்பர் சொல்வதில்லை. நீ வந்து தூக்கு என்கிறது. இந்த வருஷம் முடியவில்லையா, கல் அங்கேயேதான் கிடக்கும், அடுத்த தையில் வா.

விஞ்ஞானம் பலத்துக்கு வைத்திருக்கும் பெயர் வாட். தன் நீராவி இயந்திரத்தை விற்பதற்காக ஜேம்ஸ் வாட் குதிரையை அளவுகோலாக்கினார். ஒரு குதிரை 746 வாட். ஒரு சாதாரண ஸ்கூட்டருக்குள் ஏறத்தாழ எட்டுக் குதிரைகள். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செங்குத்தாக ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம். ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண் இருபது கிலோ சுமையோடு மூன்று மணி நேரத்தில் நடந்தே ஏறினால், அவள் மலைக்கு எதிராகச் செலவழிக்கும் சக்தி சுமார் அறுபத்து மூன்று வாட். ஒரு குண்டு பல்பு! பத்தில் ஒரு குதிரைகூடத் தேறாது. கணக்கு சரிதான். ஆனால் அவள் மேலே போய் அடுப்பு மூட்டுவதும், மறுநாள் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போவதும் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

ஸ்கௌட்டருக்கும் இதே கோளாறு உண்டு. கதையில் ஒரு சின்னக் குழந்தைக்குக் கோபம் வந்ததும் அது 1307 காட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் அதே குழந்தைக்கு 1. மிஷின் பழுதாகிவிட்டதென்று முரடன் நினைக்கிறான். பழுதில்லை. பூமிக்காரர்களுக்குப் பலத்தை அடக்கி வைக்கத் தெரியும். வெளியே விடுவதைத்தான் மிஷின் படிக்கும். பையன் எனக்கு இதை விளக்கியபோது கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். அவ்வளவு முக்கியம்.

ஞாயிறு சாயங்காலம் அந்தக் கடையில் போய் நின்று பாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் பிரேக்கை அமுக்கியபடியே இறங்கி வரும் கியர் இல்லாத வண்டிகளின் வாசனை முதலில் வரும், பிறகுதான் வண்டி வரும். பையன் தலையைத் தூக்காமலே, "பின் பிரேக்குங்க, லைனிங் கருகுது" என்பான். தண்ணீர் பாட்டிலைத் திறக்கும் ஆசாமியை, "ஊத்தாதீங்கண்ணா, டிரம் விட்டுடும். அரை மணி நேரம் உக்காருங்க" என்று தடுப்பான். ஒருமுறை கிளம்பத் துடித்த ஒரு குடும்பத்தின் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தரமாட்டேன் என்றுவிட்டான். முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று என இரண்டு குழந்தைகள் அந்த வண்டியில். திட்டு வாங்கினான். சாவியைத் தரவில்லை.

அவன் அம்மாவுக்கு இவனை ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிட வேண்டும் என்று ஆசை. பிளஸ் ஒன்னில் கேட்ட குரூப்பைக் கொடுக்காததால் நின்றவன். மறுபடி ஒரு விண்ணப்பம், மறுபடி மார்க் எழுதும் கட்டம். "அங்கயும் அதத்தானுங்க சார் மொதல்ல கேப்பாங்க" என்று இரண்டு வருஷமாகத் தள்ளிப்போடுகிறான். இந்த வருஷமும் அந்த அம்மா என்னிடம் சொல்லிப் பார்க்கச் சொன்னார்கள். நான் ஐ.டி.ஐ. பற்றி ஆரம்பிக்காமல் இளவட்டக்கல் கதையைச் சொன்னேன்.

கேட்டுவிட்டு, "பிடியே இருக்காதுங்களா?" என்றான்.

"இருக்காது."

"மொத தடவை தூக்காதவனுக்கு அப்புறம் சான்ஸ் உண்டுங்களா?"

"கல் எங்கேயும் போகாதுப்பா."

கிரீஸ் கையைத் துணியில் துடைத்தான். "கடைசி தேதி எப்பன்னு அம்மாகிட்ட கேக்கணும்" என்றவன், என் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் காதைச் சாய்த்துக் கேட்டான். "செயின் லூசுங்க சார். இப்படியே மேல போகாதீங்க."