பருந்துக்கு வைத்த பேர்

எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடிக்கு நேரெதிரில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. வியாசர்பாடியில் இவ்வளவு பெரிய மரம் வெட்டுப்படாமல் நிற்பதே அதிசயம். போன தை மாதம் அதன் உச்சிக் கவட்டையில் ஒரு ஜோடிப் பருந்து கூடு கட்டியது. சுள்ளி மட்டுமில்லை, கட்டுக்கம்பி, சேலைக் கிழிசல், பால் பாக்கெட், ஏதோ ஒரு கட்சிக் கொடியில் பாதி என்று கண்டதையும் கொண்டுவந்து சொருகியது. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். அதுங்களுக்கு எல்லாம் துணிதான்.

நான் கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாத்துக்கும் போட்டோ எடுக்கிறவன். காட்டுக்குப் போய் புலி, யானை எடுக்கிறவர்களிடம் இருக்கிற மாதிரி கை நீள லென்ஸ் எனக்குக் கிடையாது. செகண்ட்ஹேண்டில் வாங்கிய கேமராவும் 70-300 லென்ஸ் ஒன்றும்தான். அதைத் தூக்கிக்கொண்டு மாசிக் கடைசியிலிருந்து தினம் விடியக்காலையில் மாடி ஏற ஆரம்பித்தேன். கூட்டுக்குள் ரெண்டு குஞ்சுத் தலை தெரிந்தது. ஒருநாள் பார்த்தால் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று போன வழி தெரியவில்லை.

மிச்சமிருந்ததுதான் வளர்ந்தது. உடம்பு முழுக்கப் பஞ்சு மூடிக் கிடந்தது, சித்திரை பிறப்பதற்குள் இறகு முளைத்து, கூட்டு விளிம்பில் ஏறி நிற்க ஆரம்பித்தது. காற்று வருகிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறக்கையை விரிக்கும். நகத்தால் சுள்ளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படபடவென்று அடிக்கும். நாலைந்து நாள் கழித்துப் பிடியை விட்டு அடித்தது. உடம்பு ஒரு சாண் எழும்பியது, உடனே பயந்து உட்கார்ந்துவிட்டது. தாய்ப்பருந்து புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிப் பக்கமிருந்து கறித்துண்டைக் கவ்விக்கொண்டு வரும். முன்னே கூட்டுக்கே கொண்டுவந்து ஊட்டியது, இப்போது ரெண்டு கிளை தள்ளி உட்கார்ந்துகொண்டது. பசியில் குஞ்சு கத்தும், நகரும், திரும்ப உள்ளே போகும். தாய் வேண்டுமென்றே அப்படிச் செய்ததா, நமக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா, நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

படம் எடுப்பதில் ஒரு கஷ்டம் இருந்தது. கறுத்த பறவை, வெளுத்த வானம். கேமராவுக்குள் இருக்கிற வெளிச்சக் கணக்கு வானத்தைப் பார்த்துத்தான் கணக்குப் போடும். வெளிச்சம் ஜாஸ்தி என்று மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். பருந்து கரித்துண்டு மாதிரி விழும். கண்ணுமில்லை, இறகுமில்லை. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும். ஷட்டரும் 1/1000 நொடிக்குக் குறையக்கூடாது, குறைந்தால் இறக்கை கலங்கிவிடும். அப்படி எடுத்த பிறகுதான் குஞ்சின் நெஞ்சில் இருக்கிற வெளிர்க் கோடுகள் தெரிந்தன. இறக்கை இறகு நுனியெல்லாம் அரிசி ஒட்டின மாதிரி வெளிறிய புள்ளி. பெரிய பருந்துக்கு அது கிடையாது. பின்னால் வானம் வெந்து போய் வெறும் வெள்ளையாகிவிட்டது. போகட்டும். வானத்தை எடுக்கவா நான் மாடி ஏறினேன்?

எங்க அக்கா கல்யாணத்தப்போ செங்கல்பட்டுப் பக்கம் ஒரு டவுன் ஸ்டுடியோவில் குடும்பத்தோடு படம் எடுத்தோம். ஸ்டுடியோக்காரர் எல்லார் மூஞ்சியிலும் பவுடர் அப்பச் சொன்னார். நைனா மட்டும் மாட்டேன்னுட்டார். படம் வந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை பளிச்சென்று இருந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இருட்டு, அதில் ரெண்டு கண். “ஒங்க கலரு அப்படி, நான் இன்னா பண்றது” என்றார் அந்த ஆள். நைனா தலை குனிந்தபடி காசைக் கொடுத்துவிட்டு வந்தார். நானே இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. தப்பு நைனாவின் கலரில் இல்லை. அந்த ஆள் வேட்டிக்கு வெளிச்சம் வைத்திருக்கிறார், முகத்துக்கு வைக்கவில்லை. நைனாவுக்கு வேறு போட்டோ கிடையாது. செத்தப்போ அதைத்தான் பெரிசு பண்ணி மாலை போட்டோம்.

நைனாவுக்கும் பருந்துக்கும் நெருங்கின பழக்கம். ஊரில் மாடு செத்தால் ஆள்விட்டுக் கூப்பிடுவார்கள். ராத்திரியோ மழையோ போயாக வேண்டும். ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு வந்து தோலை உரிக்கும்போது மேலே பார்த்தால் வானம் முழுக்க வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். பாறு முதலில் இறங்கும். பருந்து தரையில் உட்காராது. பறந்தபடியே வந்து கால் நகத்தில் துண்டைக் கொத்திக்கொண்டு போகும். நைனா கொழுப்பை அறுத்து மேலே வீசுவார். கீழே விழுவதற்குள் பிடித்துவிடும். பொடியன்கள் நாங்கள் கைதட்டுவோம். அந்த நாற்றத்துக்குள்ளும் எங்களுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. இதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது, சொல்லாமல் விட்டால் பொய்.

அப்புறம் சேரியில் கூட்டம் போட்டு, இனிமேல் செத்த மாட்டுக்குப் போகிறதில்லை, சாவுக்குப் பறையடிக்கிறதில்லை என்று பெரியவங்க முடிவெடுத்தார்கள். நைனாதான் முதலில் கத்தியைக் கொண்டுவந்து நடுவில் போட்டார். ஊர்க்காரர்கள் ஒரு போகம் முழுக்க எங்களை வயலில் இறக்கவில்லை. களியைக் கரைத்துக் குடித்துச் சமாளித்தோம். பிறகு தொண்ணூறுகளில் பாறு கண்ணிலேயே படாமல் போனது. இப்போது தமிழ்நாட்டில் அதைப் பார்க்க முதுமலை, மாயாறு பக்கம்தான் போக வேண்டும். ஊர்ப் பெரிய மனுஷர் ஒருத்தர் என்னிடமே சொன்னார், “ஒங்க ஆளுங்க மாடு அறுக்கறத வுட்டதாலதான்டா பாறு பட்டினில செத்துச்சு” என்று. மாட்டுக்கு ஊசி போட்ட டைக்ளோஃபினாக் என்கிற வலி மருந்து செத்த மாட்டுக் கறியில் தங்கி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. 2006இல் அரசாங்கமே அதை மாட்டு வைத்தியத்துக்குத் தடை செய்தது. அவருக்கு இதெல்லாம் எதற்கு? எது செத்தாலும் பழி போட ஒரு சேரி இருக்கிறதே.

பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் முதல் மார்க் வாங்கினபோது ஒரு வாத்தியார் பேப்பரைக் கையில் கொடுக்காமல் மேசை மேல் போட்டுவிட்டு, “உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாதுடா” என்றார். வகுப்பே சிரித்தது. பருந்து என்றால் அவர் சாதி என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் சலீம் அலியின் பறவைப் புத்தகம் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். 1941இல் முதலில் வந்த புத்தகம், என்னிடம் இருப்பது பிந்திய பதிப்பு. எட்டாவது படிக்கிற என் மகள் குஞ்சைப் பற்றித் தெரிந்துகொள்ள அதைப் புரட்டினாள். “அப்பா, நம்ம பருந்துக்கு இங்கிலீஷ்ல ‘பறையா கைட்’னு போட்டிருக்கு. இது நம்ம பேரா?” என்று கேட்டாள்.

நம்ம பேர்தான். வெள்ளைக்காரன் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போய், ஒதுக்கப்பட்டது எல்லாத்துக்கும் வைத்தான். தெருநாய்க்கு வைத்தான், குப்பையில் இரை பொறுக்குகிற பருந்துக்கும் வைத்தான். வெள்ளைத் தலையும் செம்பழுப்பு இறக்கையுமாக இருக்கிற செம்பருந்துக்கு ‘பிராமினி கைட்’. அதைத்தான் நம் ஜனங்கள் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். காசிமேட்டில் போய்ப் பாருங்கள், அந்தக் கருடனும் மீன் குடலுக்குத்தான் வட்டமடிக்கிறது. இதில் இன்னொரு கூத்து, நம்ம நாட்டுக் கறுத்த பருந்துக்கு 1832இல் சைக்ஸ் என்கிற ராணுவ அதிகாரி லத்தீனில் ‘கோவிந்தா’ என்று பேர் வைத்திருக்கிறார். இப்போது புத்தகங்களில் ‘பிளாக் கைட்’ என்று மாற்றிவிட்டார்கள். தமிழில் என்ன போடுகிறார்கள் தெரியுமா? கள்ளப் பருந்து. தமிழன் சும்மா இருப்பானா?

மகளுக்கு இதையெல்லாம் சொன்னேன். “அப்போ அந்த வாத்தியாருக்கு இது தெரியாதா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அது பறந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிளையிலிருந்து எங்கள் தண்ணித்தொட்டிக்குத் தாவியது. தூரம் சரியாகத்தான் இருந்தது, உட்காரத் தெரியவில்லை. சிமெண்டில் நகம் வழுக்கி, கீழே டீக்கடை ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் போய் விழுந்தது. ஒரு நிமிஷத்தில் இருபது காக்கா சேர்ந்துவிட்டது. ஒன்று வாலைப் பிடித்து இழுக்கிறது, ஒன்று தலையில் கொத்துகிறது. குஞ்சு இறக்கையை விரித்து வாயைத் திறந்துகொண்டு சுற்றிச் சுற்றிப் பார்க்கிறது. வெளிச்சம் நல்லா இருந்தது. நான் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

“போட்டோ எடுக்காதப்பா, காக்காவ ஓட்டு!” என்று மகள் கத்தினாள். அதற்குப் பிறகும் மூணு படம் எடுத்தேன். கேமராவில் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. அவள் செருப்பைக் கழற்றி வீசினாள். டீக்கடை ஆயா துடைப்பத்தோடு வெளியே வந்து, காக்காவை மட்டுமா, எங்களையும் சேர்த்துத் திட்டினாள். நான் கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பிடிச் சுவரைத் தாண்டப் போனேன். அதற்குள் கூரை நுனிக்கு நடந்து வந்த குஞ்சு, தெருவில் அடித்த காற்றில் நெஞ்சைக் கொடுத்து எழும்பிவிட்டது. மின்கம்பியைத் தாண்டியது, எங்கள் தலைக்கு மேலே இறக்கையை அசைக்காமல் ஒரு வட்டம் போட்டது, செல்போன் டவரில் போய் உட்கார்ந்தது. அந்தப் பறப்புக்கு என்னிடம் படம் இல்லை.

கூரையில் நிற்கிற படத்தை ஒரு கண்காட்சிக்குக் கொடுத்தேன். அமைப்பாளர் பார்த்துவிட்டு, கருடன் படம் இருந்தால் இன்னும் எடுபடும் என்றார். இல்லை என்றேன். சரி, பேர் அட்டையில் அந்தப் பழைய இங்கிலீஷ் பேரையும் போட்டால் சுவாரசியமாக இருக்கும் என்றார். கெட்ட மனுஷர் இல்லை, நான் யார் என்று அவருக்குத் தெரியாது. சொன்னேன். அவர் முகம் மாறிப்போய், டீ சாப்பிடுறீங்களா என்று கேட்டார். அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மகள் ஸ்கெட்ச் பேனாவால் பெரிசாக எழுதினாள்: பருந்து, வியாசர்பாடி. கீழே இடம் மிச்சமிருந்ததால் செருப்பு வீசியவர் என்று தன் பேரையும் போட்டுக்கொண்டாள்.

அந்த ஆடி மாதம் வரைக்கும் குஞ்சு டவரிலிருந்து கூட்டுக்கும் கூட்டிலிருந்து டவருக்கும் போய் வந்துகொண்டிருந்தது. தன்பாட்டுக்குப் பறக்கத் தெரிந்த பிறகும், தாயைக் கண்டால் வாயைத் திறந்து கறி கேட்டுக் கத்தும். அதுவும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது.