காவலனுக்கு ஒரு காவல்

வீட்டைக் காப்பது நாய் என்பர். அந்த நாயைக் காப்பது யார் என்னும் வினாவைப் பலர் எழுப்புவதில்லை. நம் முன்னோர் நாயின் இயல்பை நன்கு அறிந்தவர்கள். தொல்காப்பிய மரபியல் அதன் இளமைப் பெயரைக் குருளை என வகுத்துரைக்கின்றது. யானையைப் போன்றவரின் நட்பினும் நாயைப் போன்றவரின் நட்பே கொள்ளத்தக்கது என நாலடியார் அறிவுறுத்துகின்றது. ஆயினும், நன்றிக்கு எடுத்துக்காட்டாக நாம் வகுப்பறைதோறும் சொல்லும் அவ்வுயிர், திறந்து கிடக்கும் ஒரு வாயிற்கதவினால் ஒரே நாளில் மடியக்கூடும்; பிறருக்கும் ஊறு விளைக்கக்கூடும். ஆதலின் வேலியைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்த்தல் நன்று.

நான் பிறந்து வளர்ந்தது கெடா மாநிலத்தில், பீடோங்கை அடுத்த ரப்பர்த் தோட்டமொன்றில். அங்கே லயத்து வீடுகளுக்கு வேலி கிடையாது. நாயும் ஒரு வீட்டின் உடைமையன்று. லயத்தார் அனைவருக்கும் பொது. விடியலில் பெரட்டுக்குப் புறப்படுவோரின் பின்னே சென்று திரும்பும். பகலில் ஆயாக் கொட்டகையின் நிழலில் படுத்திருக்கும். பாம்பு வந்தாலும் அயலார் வந்தாலும் குரல் கொடுக்கும். தோட்டத்தின் எல்லையே அதற்கு வேலியாக இருந்தது.

பின்னர்த் தோட்டங்கள் பல, செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம் விட்டன. நம் மக்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம், பாடாங் செராய் முதலிய ஊர்களின் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். வரிசை வீட்டின் முற்றமோ ஒரு மகிழுந்து நிற்கும் அளவே. மக்களோடு நாய்களும் வந்தன. அவற்றை அவிழ்த்துவிடும் தோட்டத்துப் பழக்கமும் உடன் வந்தது.

2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய வட மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. தெருவில் திரிந்த நாய்கள் பிடிக்கப்பட்டன, பல கொல்லப்பட்டன. அந்நாளில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், எழுதுகோலைத் தொடாமல் அமர்ந்திருந்தான். காரணம் கேட்டேன். “ஐயா, எங்கள் மணியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அது யாரையும் கடித்ததே இல்லை ஐயா,” என்றான். அவன் சொன்னது மெய்யாகவே இருக்கலாம். ஆனால், தெருவில் நிற்கும் நாயின் முகத்தைப் பார்த்து அம்மெய்யை அறிந்துகொள்ள எவராலும் இயலாது. 2017இல் சரவாக்கின் செரியான் பகுதியில் இந்நோய்க்குக் குழந்தைகளே பலியாயினர். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இதனால் இறப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அறிகுறிகள் தோன்றியபின் பிழைத்தல் அரிதினும் அரிது. கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்வதே உயிர் காக்கும் வழி.

இந்நினைவுகள் நெஞ்சில் இருந்தமையால், என் வீட்டிற்கு ஒரு குருளை வந்து சேர்ந்தபோது முதலில் வேலியைப் பற்றியே எண்ணினேன். முள்கம்பி மலிவானது, ஆனால் இடைவெளியில் நுழையும் விலங்கின் தோலைக் கிழித்துவிடும். பலகை வேலியை மழையும் கறையானும் அரித்துவிடும். கண்ணிக் கம்பி வலையின் அடிப்பகுதியை நாய் மூக்கினால் நெம்பி உயர்த்திவிடும். அக்கண்ணிகளே ஏறுவதற்குப் படியாகவும் அமையும். செங்கற்சுவர் உறுதியானது, ஆனால் செலவு மிகுதி, காற்றும் தடைபடும். நம் நாட்டில் பலரும் அமைக்கும் பி.ஆர்.சி. வேலியோ மேலும் கீழும் முக்கோணமாக வளைக்கப்பட்டது, கூர்முனை இல்லாதது. அதன் குறை, கம்பிகளுக்கிடையேயும் தரைக்கு மேலேயும் உள்ள இடைவெளி.

இவ்வாறு நான் ஆராய்ந்துகொண்டிருக்கையில், அண்டை வீட்டு மலாய்ப் பெரியவர் வந்தார். நாள்தோறும் விடியற்காலைத் தொழுகைக்கு என் வாயிலைக் கடந்து செல்பவர்.

“சிக்கு, அது குரைப்பதில் எனக்கு வருத்தமில்லை. என் பேத்திதான் கம்பியில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அதன் நாக்குப் பட்டுவிடுமோ என்பதே என் கவலை,” என்றார்.

நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது அவர்தம் சமய ஒழுக்கம். அவர் முறையிடவில்லை, கேட்டுக்கொண்டார். “கவலை வேண்டா, பாக் சிக். உங்கள் பக்கத்தை நான் அடைத்துவிடுகிறேன்,” என்றேன்.

துத்தநாக முலாம் பூசிய பி.ஆர்.சி. வேலியை 5 அடி உயரத்தில், தோண்டிப் புக இயலாதவாறு மண்ணில் இறங்கிய சிமெண்டுத் திண்டின்மேல் நிறுத்தினேன். கீழ்ப்பகுதியில் சிறுகண் வலையும், பெரியவர் வீட்டுப் பக்கத்திலும் தெருப்பக்கத்திலும் தகட்டு மறைப்பும் பொருத்தினேன். வழிப்போக்கர் கண்ணில் படாமையால் குரைப்பும் குறைந்தது. பூந்தொட்டி, நாற்காலி முதலியவை வேலியோரம் இருந்தால் ஏணியாகிவிடும் என்பதால் அவற்றை அகற்றினேன். எத்துணை உறுதியான வேலியும் வாயிற்கதவில்தான் தோற்கின்றது. ஆதலின் கதவின் அடியிடைவெளியை அடைத்து, நாய்க்கு எட்டாத உயரத்தில் தாழ் அமைத்தேன்.

வேலி வேண்டா, சங்கிலி போதும் என்பாரும் உளர். கட்டுண்ட நாய் சுவரைத் தாண்ட முயன்றால், அச்சங்கிலியே தூக்குக் கயிறாகிவிடும். நாள் முழுதும் கட்டிவைத்தல் அதன் இயல்பையும் கெடுக்கும். 2017இல் நடைமுறைக்கு வந்த விலங்கு நலச் சட்டம், உயிரினத்தின் உணவு, இருப்பிடம், இயல்பான நடமாட்டம் ஆகியவற்றைப் பேணுதல் உரிமையாளரின் கடமை என்கின்றது. வேலிக்குள் நிழலும் தண்ணீரும் வேண்டும். மாலையில் கழுத்துவாரோடு நடைப்பயிற்சி வேண்டும். தடுப்பூசியும் உரிமமும் வேண்டும். இவை இல்லாத வேலி வெறும் சிறையே.

ஆசிரியப் பெருமக்களே! “செல்லப்பிராணி” என்னும் தலைப்பில் ஆண்டுதோறும் கட்டுரை எழுதச் சொல்கிறோம். அது பால் குடிக்கும், வாலாட்டும், நன்றியுள்ளது என மாணவரும் எழுதித் தருகின்றனர். அடுத்த முறை இன்னொரு வினாவையும் சேர்த்துக் கேளுங்கள்: உன் வீட்டு வேலி எப்படி இருக்கிறது? விடை தேடி மாணவன் வாயிலுக்குச் சென்று பார்ப்பான். பழுது கண்டால் தந்தையை அழைத்துக் காட்டுவான். ஒரு மணியேனும் பிழைக்கட்டும்.