மூன்று மூட்டை அரிசி



போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது பெரிய பிளாஸ்டிக் டிரம் ஒன்றை இறக்கினோம். அதைப் பார்த்ததும் 2020 மார்ச் 24 ஞாபகம் வந்துவிட்டது.

அன்று செவ்வாய்க்கிழமை. இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கு. மளிகை, பால், காய்கறிக்குத் தடையில்லை என்றுதான் அரசு உத்தரவு. ஆனால் பேச்சு முடிவதற்குள் நான் சட்டையை மாட்டிக்கொண்டேன். வீட்டில் அரை மூட்டை அரிசி இருந்தது. நாங்கள் இரண்டே பேர்.

தெருமுனை அண்ணாச்சி கடையில் திருவிழாக் கூட்டம். ஒரு மூட்டை வாங்கத்தான் போனேன். முன்னால் நின்றவர் இரண்டு கேட்டார். என் வாயில் "மூணு" என்று வந்தது. 75 கிலோ! கடைப்பையன் மூன்று நடையாக சைக்கிளில் கொண்டுவந்து போட்டான்.

"நம்ம ரெண்டு பேருக்கு எதுக்குங்க இவ்ளோ?" என்றாள் மனைவி. பதில் சொல்லத் தெரியவில்லை. இத்தனைக்கும் பணியில் இருந்தபோது சில வருடம் ரேஷன் கார்டு பிரிவில் இருந்தவன் நான். "எல்லாருக்கும் சரக்கு இருக்கு, தள்ளாதீங்க" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

அப்போது பிரான்சிலும் இதே கதை. அங்கே மார்ச் 17-ஆம் தேதியே ஊரடங்கு தொடங்கிவிட்டது. கடைகளில் பாஸ்தாவும் மாவும் கழிப்பறைக் காகிதமும் காலி என்று தங்கை மகன் போனில் சொன்னான்.

பள்ளியில் பிரெஞ்சு முசியே ஒரு கதை சொல்வார். ரபெலே 16-ஆம் நூற்றாண்டில் எழுதியது. பனுர்ஜ் என்பவன் கப்பலில் ஒரு வியாபாரியிடம் ஆடு ஒன்றை வாங்கிக் கடலில் எறிவான். மற்ற ஆடுகளும் அதன் பின்னாலேயே குதித்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு பிறரைப் பின்பற்றுபவர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் 'பனுர்ஜின் ஆடுகள்' என்பார்கள்.

ஆனால் அன்று கடையில் நின்றவர்கள் ஆடுகள் அல்ல. ஆடு யோசிக்காது, நாங்கள் யோசித்தோம். 'எல்லோரும் வாங்குகிறார்களே, நாளை எனக்கு இல்லாமல் போனால்?' தனியாகப் பார்த்தால் நியாயமான கணக்குதான். கடைக்காரர் வழக்கமான விற்பனைக்குத்தானே சரக்கு எடுத்து வைப்பார்? எல்லோரும் ஒரே நாளில் அதே கணக்கைப் போட்டால் கடை காலி. காலியான கடையைப் பார்த்தவர் அடுத்த கடைக்கு ஓடுகிறார். இல்லாத தட்டுப்பாடு உண்மையாகிவிடுகிறது. நல்ல நிலையில் உள்ள வங்கியும் வதந்தியால் திவாலாகலாம் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948-இல் எழுதியது இதைத்தான்.

இன்னொன்றும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத கிருமியை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. அரிசி மூட்டையைத் தொட்டுப் பார்க்கலாம். ஏதோ செய்துவிட்டோம் என்று மனம் ஆறுகிறது. அதோடு நம் வயதுக்காரர்களுக்குப் பழைய பயமும் சேரும். 1965, 66 அரிசித் தட்டுப்பாட்டில் அம்மா தினமும் பானைக்குள் கைவிட்டு அளந்து பார்த்தது எனக்கு மறக்கவில்லை. அன்று டிரம்மில் அரிசியைக் கொட்டியபோது என் கையும் அப்படித்தான் உள்ளே போனது.

இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா போன் செய்தார். "ஐயா, அண்ணாச்சி கடையில அரிசி தீந்துபோச்சாம். லோடு எப்ப வரும்னு தெரியலையாம். உங்ககிட்ட ரெண்டு கிலோ இருக்குமா?" அவர் அன்றன்றைக்குக் கிலோ கணக்கில் வாங்குபவர். மூட்டையாக வாங்கக் கையில் காசு வேண்டாமா?

மறுநாள் காலை அவர் மகன் சைக்கிளில் வந்தான். பிரிக்காத ஒரு மூட்டையைத் தூக்கிக் கொடுத்தோம். அன்று மாலை அந்த அம்மா மறுபடியும் போன் செய்தார். "நல்லவேளை ஐயா, நீங்க வாங்கி வச்சிருந்தீங்க."

அந்த வார்த்தை இன்னும் குத்துகிறது. அவருக்குக் கிடைக்காமல் போனதில் என் மூன்று மூட்டைக்கும் பங்கு உண்டு என்று அன்று சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

நீங்கள் அன்று இரவு என்ன வாங்கினீர்கள்? நேரம் இருந்தால் எழுதுங்கள்.