எட்டு மணி நேர விருந்தாளி

சென்னைக்கு வந்து மிகக் குறைந்த நேரம் நின்ற கப்பல் எது என்று கேட்டால், நம் தாத்தா காலத்து மனிதர்கள் யோசிக்காமலே பதில் சொல்லியிருப்பார்கள்: எம்டன்! 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு அந்த ஜெர்மன் யுத்தக் கப்பல் கரைக்கு அருகே வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. அரை மணி நேரத்துக்குள் இருட்டில் மறைந்துவிட்டது. பட்டணத்து ஜனங்கள் பலர் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டே ஓடினார்கள். தமிழுக்கோ ஒரு புதுச் சொல் கிடைத்தது. சாமர்த்தியமும் விஷமமும் சேர்ந்த ஆசாமியை, "அவன் பெரிய எம்டன்" என்று இன்றைக்கும் சொல்கிறோம், இல்லையா?

ஆகவே, குறைந்த நேரத்தில் ஒன்றும் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்!

இப்போது வரும் கப்பல்கள் குண்டு போடுவதில்லை; உல்லாசப் பிரயாணிகளைக் கொண்டுவந்து இறக்குகின்றன. காலையில் வந்து சேர்ந்து, சாயங்காலம் சங்கு ஊதிப் புறப்பட்டுவிடும். அப்படி ஒரு கப்பலில்தான் எங்கள் சம்பந்தியம்மாள் வந்தார். காலமாகிவிட்ட என் அக்காவின் மகள் ஜெர்மனியில் ராஸ்டாக் என்னும் ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுடைய மாமியாருக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. சிங்கப்பூரில் கப்பலேறி மேற்கே போகிறவர், வழியில் ஒரே ஒரு பகல் சென்னையில் இறங்கப் போகிறார் என்று செய்தி வந்தது. இனி ஒரு முறை வருவாரோ, மாட்டாரோ! பெண் பிறந்த இடத்தைப் பற்றி அவர் மனத்தில் பதியப் போவது அந்த ஒரு பகல்தான்.

உங்கள் பெர்லின் வேண்டாம்

வீட்டில் மகாநாடு கூடிற்று. "மாமல்லபுரம்" என்றார் என் கணவர். "தியாகராய நகரில் பட்டுப் புடவை" என்றாள் என் மருமகள். "பெரிய ஹோட்டலில் சாப்பாடு" என்றான் பையன். பெரம்பூர் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. "இங்கே என்ன இருக்கிறது, ரயில் சத்தத்தைத் தவிர?" என்று சிரித்தார்கள். வட சென்னையில் வாழும் நம்மில் பலருக்கு இந்தக் கூச்சம் உண்டு. விருந்தாளி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தெற்கே அழைத்துப் போய்விடுவோம்.

சம்பந்தியம்மாளே அதற்கு முடிவு கட்டினார். அக்கா மகள் தொலைபேசியில் சொன்னாள்: "சித்தி, அத்தைக்கு மாமல்லபுரம் வேண்டாமாம். 'உங்கள் பெர்லினை எனக்குக் காட்ட வேண்டாம்' என்கிறார்."

இது என்ன விடுகதை என்று கேட்டேன். விஷயம் இதுதான். ராஸ்டாக்கின் கடல் வாசல் வார்னமுண்டே என்ற சிறு துறைமுகம். கோடை காலத்தில் பெரிய உல்லாசக் கப்பல்கள் அங்கே வந்து ஒரு பகல் நிற்கும. இறங்குகிறவர்களில் பெரும் கூட்டம், இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பெர்லினுக்கு ஓடுகிறது. போக மூன்று மணி, வர மூன்று மணி. தலைநகரத்தில் ஒரு வாசலின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

கப்பல் நின்ற இடத்திலோ, நடக்கிற தூரத்தில் எல்லாம் இருக்கிறது. 1898 முதல் விளக்கேற்றும் கலங்கரை விளக்கம், அகன்ற மணற்கரை, பழைய கால்வாயில் படகிலேயே மீன் விற்கும் மீனவர்கள். இருபது நிமிஷம் மின்சார ரயிலில் போனால் ராஸ்டாக் நகரம். அங்கே புனித மரியாள் ஆலயத்தில் 1472-இல் செய்த ஒரு வானியல் கடிகாரம் இன்னும் ஓடுகிறது. பகல் பன்னிரண்டு அடித்தால் அப்போஸ்தலர்களின் பொம்மைகள் வரிசையாக நடந்து வரும். அதிலுள்ள நாள்காட்டித் தட்டு 2017-ஆம் வருஷத்தோடு தீர்ந்துபோய், 2150 வரைக்கும் காட்டும் புதுத் தட்டை மாட்டியிருக்கிறார்கள். நம் ஊர்ப் பஞ்சாங்கக்காரர்கள் பார்க்க வேண்டிய கடிகாரம்!

"பெர்லினுக்குப் போகிறவர்கள் ரயில் ஜன்னலைத்தான் பார்க்கிறார்கள். நான் கப்பல் நிற்கும் இடத்தையும், என் மருமகள் வளர்ந்த வீட்டையும் பார்க்கிறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார் சம்பந்தியம்மாள். துறைமுகத்து மனுஷி அல்லவா? எங்களைவிட அவருக்குக் கணக்குத் தெரிந்திருந்தது.

கணக்குப் போடுங்கள்

கப்பல் காலை ஏழு மணிக்கு வந்து மாலை ஆறு மணிக்குப் புறப்படும் என்று போட்டிருந்தால், பதினொரு மணி நேரம் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. குடியேற்றச் சோதனை முடித்து, துறைமுக வாகனத்தில் வெளிவாசலுக்கு வந்து சேர ஒன்பது மணி ஆகலாம். மாலையில் புறப்பாட்டுக்கு ஒரு மணி முன்னாலேயே எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும். ஆக மீதி எட்டு மணி நேரம். அதில் ஒரு மணியைத் தொடாமல் முடிந்து வைத்துவிட வேண்டும், அவசரத்துக்கு எடுத்து வைக்கும் அஞ்சறைப்பெட்டிக் காசு மாதிரி. மாமல்லபுரம் சுமார் அறுபது கிலோமீட்டர். பட்டணத்து நெரிசலில் போக வர நாலு மணி நேரம் சாலைக்கே சரி. மல்லையின் சிற்பங்களுக்கு அது மரியாதை ஆகாது. அதற்கென்று தனியாக ஒரு நாள் வரவேண்டும்.

வேறு ஒரு விஷயம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்களில் பெரும்பாலோர் விசா இல்லாமல் கரையில் கால் வைக்க முடியாது. ஊரில் இருக்கும்போதே மின் விசாவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் அது செல்லும். உறவினர்கள் உள்ளே போய் மாலை போட முடியாது; வாசலுக்கு வெளியேதான் காத்திருக்க வேண்டும்.

கோட்டையும் கல்வெட்டும்

ஒன்பதேகால் மணிக்குச் சம்பந்தியம்மாள் வெளியே வந்தார். வெள்ளைத் தொப்பி, தோளில் சிறு பை, காலில் கெட்டியான செருப்பு. அவருக்கும் எனக்கும் இங்கிலீஷ் ஏறக்குறைய ஒரே அளவு அரைகுறை. அதனால் பேச்சு ஒரு இடத்திலும் தடைப்படவில்லை!

துறைமுகத்திலிருந்து பத்து நிமிஷத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை. 1640-இல் தொடங்கிய இந்தக் கோட்டையைச் சுற்றித்தான் சென்னை என்ற பட்டணமே வளர்ந்தது. தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் சோதனை உண்டு. அடையாளச் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். 1680-இல் எழுந்த புனித மேரி ஆலயத்துக்குப் பீரங்கிக்கும் அசையாத தடித்த வளைவுக் கூரை. 1753-இல் ராபர்ட் கிளைவுக்குக் கல்யாணம் நடந்தது இங்கேதான். கோட்டை மியூசியத்தில், 1947 ஆகஸ்டு 15-ஆம் தேதி கோட்டையில் ஏற்றிய மூவர்ணக் கொடியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உயர்நீதிமன்றம். 1892-இல் கட்டிமுடிந்த இந்தச் சிவப்பு மாளிகையின் உச்சிக் கோபுரம் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. வழக்காடுபவருக்கும் மாலுமிக்கும் ஒரே கட்டடம் வழி காட்டியது! அதன் மதிற்சுவரில் எம்டன் குண்டு விழுந்த இடத்தில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். சம்பந்தியம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் சிவந்துவிட்டது. "மன்னியுங்கள்" என்றார். என் கணவர் கைகூப்பி, "அந்தக் கணக்கை நாங்கள் தீர்த்துவிட்டோம், அம்மா. உங்கள் வீட்டுக்கு ஒரு பெண்ணையே அனுப்பிவிட்டோமே!" என்றார். அப்புறம்தான் அவர் சிரித்தார்.

முதல் ரயில் போன பாதை

அங்கிருந்து ஆட்டோவில் ராயபுரம். தூண்கள் வரிசையாக நிற்கும் இந்த ரயில் நிலையம் 1856-இல் திறந்தது. இந்தியாவில் இன்னும் நிற்கும் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது என்று இதைச் சொல்கிறார்கள். 1856 ஜூலை முதல் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அந்தப் பாதையிலேயே இன்றைக்கும் மின்சார ரயிலில் ஏறி, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி ஜீவா தாண்டி, பெரம்பூரில் இறங்கலாம். முற்பகலில் கூட்டம் குறைவு. சம்பந்தியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் கனகாம்பரக் கூடையோடு இருந்த அம்மாள் ஒரு முழம் பூவைக் கிள்ளி அவர் தொப்பியில் செருகிவிட்டாள். காசு கொடுத்தால் வாங்கவில்லை.

பெரம்பூரில் என்ன இருக்கிறது?

பெரம்பூர், உழைப்பாளிகளின் ஊர். 1850-களிலிருந்தே ரயில்வே பட்டறைகள். கொஞ்ச தூரத்தில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்னாடிக் மில்கள். அந்த மில்லின் சங்கை வைத்துத்தான் ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து வீடுகளில் உலை வைத்தார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பெயர் பெற்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் உருவானது இந்த மில் தொழிலாளர்களால்தான். 1996-இல் மில் மூடிவிட்டது. எங்கள் வீட்டில் அக்கா வாங்கிய பின்னி படுக்கை விரிப்பு ஒன்று இன்னும் கிழியாமல் இருக்கிறது. அதை விரித்துத்தான் சம்பந்தியம்மாளை உட்காரச் சொன்னேன்.

மில் கதையைக் கேட்டவர் நீண்ட நேரம் தலையசைத்தார். ராஸ்டாக்கும் அப்படிப்பட்ட ஊர்தானாம். நெப்டியூன் என்ற கப்பல் பட்டறை 1850-இல் அங்கே தோன்றியது. 1990-இல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றான பிறகு, அந்தக் கரையோரப் பட்டறைகளில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். அவர் கணவரும் கப்பல் பட்டறையில் இரும்பு ஒட்டியவர். "எங்கள் ஊருக்கு வருகிறவர்களும் எங்கள் தெருக்களைப் பார்ப்பதில்லை" என்றார். எதை அவர் கண்ணில் படாமல் மறைக்க நினைத்தோமோ, அதுவே அவருக்குச் சொந்த ஊர் மாதிரி இருந்தது!

சாப்பாடு வாழை இலையில். காரம் குறைத்த சாம்பார், மிளகு ரசம், அவரைக்காய்ப் பொரியல், அப்பளம், பால் பாயசம். ரசத்தை டம்ளரில் இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். பிறகு, "அவள் படுத்துத் தூங்கிய அறை எது?" என்று கேட்டார்.

காட்டினேன். சின்ன அறை, ஒரே ஜன்னல், அதற்கு அப்பால் ரயில் பாதை. "கல்யாணமான புதிதில் அவளுக்கு இரவில் தூக்கமே வரவில்லை. எங்கள் வீடு ரொம்ப நிசப்தமாக இருக்கிறது என்றாள். எனக்கு அது புரியவேயில்லை" என்று சொல்லிக்கொண்டே ஜன்னலருகே நின்றார். அந்த நேரம் பார்த்து ஒரு ரயில் வந்தது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. அலமாரியில் டம்ளர்கள் கலகலத்தன. சம்பந்தியம்மாள் கைத்தொலைபேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டி அந்தச் சத்தத்தை முழுவதும் பதிவு செய்து, மருமகளுக்கு அனுப்பினார். அங்கே காலை ஒன்பது மணி. ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது: "சித்தி, ஒன்றரை மணி அரக்கோணம் வண்டி இன்றைக்கும் லேட்டா?"

படித்துச் சொன்னேன். இருவரும் சிரித்தோம். அக்காவின் படம் சுவரில் இருந்தது. அதன் முன்னால் போய், தொப்பியிலிருந்த கனகாம்பரத்தை எடுத்து வைத்தார்.

ரயில் பெட்டியும் திரும்பும் வழியும்

மீதியிருந்த ஒரு மணியில் ஐ.சி.எஃப். அருகே உள்ள ரயில் மியூசியம். பழைய நீராவி எஞ்சின்கள், பெட்டிகள், குழந்தைகளுக்கு ஒரு குட்டி ரயில் எல்லாம் உண்டு. பெரம்பூர் பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு திறந்துவைத்தார். ஸ்விஸ் கம்பெனி ஒன்றின் உதவியோடு ஆரம்பித்த தொழிற்சாலை, இதுவரை எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளைச் செய்திருக்கிறது. 2019-இல் ஓடத் தொடங்கிய முதல் வந்தே பாரத் ரயிலும் இங்கே பிறந்ததுதான். நாம் இன்று ஏறும் எல்.எச்.பி. பெட்டிகளின் பெயர், லிங்கே-ஹோஃப்மன்-புஷ் என்ற ஜெர்மன் கம்பெனியின் சுருக்கம். இதைச் சொன்னதும் சம்பந்தியம்மாளுக்கு நிமிர்ந்த நடை வந்துவிட்டது!

மூன்றரை மணிக்கு மின்சார ரயில் ஏறி, கடற்கரை நிலையத்தில் இறங்கினோம். எதிரே துறைமுகம். நாலே காலுக்கு வாசலில் விட்டோம். முடிந்து வைத்த ஒரு மணியில் பெரும்பகுதி செலவாகவே இல்லை.

கப்பலில் உறவினரோ நண்பரோ வரப்போகிற சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். மூன்று இடத்துக்கு மேல் காட்டாதீர்கள். மியூசியங்களின் விடுமுறை நாளையும் ரயில் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் கடிகாரமும் ஊர்க் கடிகாரமும் சில சமயம் ஒத்துப்போகாது. திரும்ப வேண்டிய நேரம் எந்தக் கடிகாரப்படி என்று விருந்தாளியிடம் முதலிலேயே கேளுங்கள். குடிதண்ணீர், குடை, கப்பல் அட்டை, பாஸ்போர்ட் நகல் இவை பையில் இருக்கட்டும். காசிமேட்டு மீன் ஏலம் பார்க்க ஆசைப்பட்டால் அது விடியற்காலைச் சங்கதி. முதல் நாளே வந்து தங்குகிறவர்களுக்குத்தான் தோதுப்படும். ஒரு வேளைச் சாப்பாடு கட்டாயம் வீட்டில் போடுங்கள். ஹோட்டல் எல்லாத் துறைமுகத்திலும் இருக்கிறது. உங்கள் வீட்டு ரசம் இங்கே மட்டும்தான் கிடைக்கும்.

முக்கியமாக, உங்கள் தெருவைக் காட்டக் கூச்சப்படாதீர்கள். அவ்வளவு தூரம் கடல் தாண்டி வருகிறவர்கள் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.