காருக்குள் ஈரச்சாக்கு மணம்

எங்கள் பக்கத்தில் 'மணக்கிறது' என்றால் பெரும்பாலும் நாறுகிறது என்றுதான் பொருள். தமிழக நண்பர்களுக்கு இது எப்போதும் சிரிப்பு. மன்னாரின் தெற்குக் கரையோரத்துக்கோ மணம் புதிதன்று. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் சிப்பிகளைக் குவித்து, தசை அழுகும்வரை காத்திருந்தே முத்தைப் பிரித்தெடுத்தார்கள். அந்த நாற்றத்தை அக்காலப் பயணிகள் பலர் எழுதிவைத்திருக்கிறார்கள். நான் சொல்லப்போவது அதைவிட மிகச் சிறிய மணம். காரின் குளிரூட்டித் துவாரங்களிலிருந்து வரும் ஈரச்சாக்கு மணம்.

மன்னார் நகரிலிருந்து முள்ளிக்குளத்துக்கு வாடகைக் காரில் போனபோது, வைத்தியசாலையில் கிளினிக் முடித்துத் திரும்பிய அவ்வூர்ப் பெரியவர் ஒருவரையும் ஏற்றிக்கொண்டேன். தொய்வுக்காரர். சிலாவத்துறை தாண்டியதும் செம்மண் புழுதி எழும்பவே, சாரதித் தம்பி கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டார். முதல் அரை நிமிடம் மணம் குப்பென்று வந்தது. பெரியவர் இருமத் தொடங்கினார்.

"கருவாடுதான் ஐயா, போன கிழமை ஒருத்தர் மூட்டை ஏத்தினவர்," என்றார் சாரதி.

"கருவாடு எனக்குத் தெரியாதோ தம்பி? இது பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்த மணம்," என்றார் பெரியவர்.

அவர் சொன்னால் நம்பவேண்டும். 2007 செப்டம்பரில் முள்ளிக்குளத்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஊர் கடற்படைத் தளமாயிற்று. பலர் பின்னாளில் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் போட்டு இருந்தார்கள். 2017 மார்ச் 23ஆம் திகதி தொடங்கிய தொடர் போராட்டத்தின் பின், ஏப்பிரல் 29ஆம் திகதி நூறு ஏக்கர் காணியை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. பத்து ஆண்டுகள் தன் கதவைத் தானே திறக்கமுடியாதிருந்தவருக்கு அந்த மணத்தைப் பற்றிப் பாடம் நடத்த நான் யார்?

அவர் சொன்னது இயந்திர முறையிலும் சரியாகவே இருந்தது. கருவாட்டு மணமாயின் கதவைத் திறந்த நேரம் முதல் இறங்கும்வரை ஒரே அளவில் இருக்கும். இதுவோ விசிறி சுழன்றதும் வந்து, சற்று நேரத்தில் மெலிந்தது. அப்படியானால் மூலம் டாஷ்போர்டுக்குள் இருக்கிறது.

அச்சுத்தொழிலோடு வாழ்ந்தவன் என்ற முறையில் ஒரு செய்தி எனக்குப் பிடிக்கும். வில்லிஸ் கேரியர் 1902இல் நவீன குளிரூட்டியை வடிவமைத்தது மனிதருக்காக அன்று. நியூயோர்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக. காற்றின் ஈரத்தில் தாள் ஊதிச் சுருங்க, வண்ணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போயின. காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்தெடுப்பதே அவருக்கு இடப்பட்ட வேலை. காரிலும் அதுதான் நடக்கிறது. டாஷ்போர்டின் உள்ளே, மெக்கானிக்குகள் 'கூலிங் கொயில்' என்று சொல்லும் அலுமினியத் தகட்டுக் கட்டு ஒன்று உண்டு. வெப்பமான ஈரக்காற்று அதில் பட்டதும் நீர் துளிர்த்து, அடியிலுள்ள சிறு குழாய் வழியே நிலத்தில் சொட்டும். இருட்டு, ஈரம், வழியெல்லாம் உறிஞ்சிய புழுதி. பூஞ்சணத்துக்கும் பக்டீரியாவுக்கும் இதைவிட என்ன வேண்டும்?

முள்ளிக்குளத்தில் இறங்கி நான் முதலில் பார்த்தது காருக்குக் கீழேதான். அவ்வளவு நேரம் ஏசி ஓடியும் ஒரு சொட்டு நீர் இல்லை. முன்னிருக்கையின் கால்விரிப்பைத் தொட்டால் ஊறிக்கிடந்தது. குழாய் அடைபட்டு, நீர் உள்ளே திரும்பியிருந்தது.

மறுநாள் மன்னாரில் ஒரு கராஜில் அந்தக் குழாயை ஊதிவிட்டபோது செங்குழம்பு கொட்டியது. டாஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்த பில்டரில் காய்ந்த இலையும் பூச்சிச் சிறகுகளும் இருந்தன, நிறம் சொல்லமுடியாது. அதைக் கழுவிப் போடக்கூடாது, புதிதுதான் போடவேண்டும். பின்னர் கொயிலுக்கென்றே விற்கும் நுரைமருந்தை அடித்து, ஊறவிட்டு, வடிந்தபின் கதவுகளைத் திறந்துவைத்து விசிறியை மட்டும் நெடுநேரம் ஓடவிட்டார் மெக்கானிக். கால்விரிப்பைக் கழற்றி வெயிலில் போட்டார். சிலர் வீட்டுக் குளோரினைக் கரைத்து அடிக்கிறார்கள். அது அலுமினியத்தை அரிக்கும். அதன் ஆவி தொய்வுக்காரருக்குப் பூஞ்சணத்தைவிடக் கெடுதி. கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சை வாசனை அட்டையைப் பற்றி நான் அதிகம் சொல்லவில்லை. அழுகிய எலுமிச்சை மணம் எதற்கு?

எல்லா மணமும் பூஞ்சணம் அன்று என்பதையும் சொல்லவேண்டும். இனிப்பான மணம் வந்து, கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுத்தால் ரேடியேற்றர்த் திரவம் கசிகிறது. வயர் கருகும் மணமோ பெற்றோல் மணமோ வந்தால் ஓரமாக நிறுத்தி இயந்திரத்தை அணைக்கவேண்டும். அதை நுரைமருந்து தீர்க்காது.

இலங்கையில் இது இனி அடிக்கடி கேட்கப்போகும் முறைப்பாடு. 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீளத் தொடங்கியது; இருந்த கார்களே ஓடி முதுமையடைந்தன. 2022இல் எரிபொருளின்றி எத்தனையோ கார்கள் கண்ணாடி ஏற்றியபடி வாரக்கணக்கில் நின்றன. ஓடும் காரைவிட நிற்கும் காரில்தான் பூஞ்சணம் வேகமாய்ப் பிடிக்கும்.

சாரதித் தம்பிக்கு மெக்கானிக் சொல்லிக்கொடுத்த பழக்கம் செலவில்லாதது. போய்ச்சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசியை நிறுத்தி, வெளிக்காற்றை உள்ளே விடும் பொத்தானை அழுத்தி, விசிறியை மட்டும் ஓடவிடு, கொயில் காயும். உட்காற்றையே சுழலவிடும் பொத்தானைப் புழுதியில் மட்டும் பயன்படுத்து. ஐப்பசி மழை தொடங்குமுன் முன்கண்ணாடியின் அடியில், வைப்பர் இருக்கும் பள்ளத்தில் சேரும் வேப்பிலைச் சருகை அள்ளிவிடு. வெளிக்காற்று உள்ளே போகும் வாசல் அதுதான்.